தானே தலைவாரிக்கொண்ட கப்பல்காரி

ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, முந்நூறு வருஷமாக ஊரார் கையால் முகம் கழுவி, ஊரார் கையால் தலைவாரி, ஊரார் கையால் அங்கி மாட்டிவந்த குருசுத்துறைக் கப்பல்காரி மாதா, பீடத்திலிருந்து தானே இறங்கி, செம்பில் இருந்த தண்ணீரில் தானே முகம் கழுவி, தானே தலை சீவி, அங்கியின் நாடாக்களைத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, மறுபடியும் தானே ஏறி நின்றுகொண்டாள். சீப்புப் பெட்டியோடு உள்ளே வந்த ஜெசிந்தா இதைப் பார்த்து அலறவுமில்லை, மயங்கி விழவுமில்லை. வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள், உள்ளே ஒருத்தி உடுத்திக்கொண்டிருக்கிறாள் என்றால் எந்தப் பெண்பிள்ளையும் செய்யக்கூடியதைச் செய்தாள். திரையை இழுத்துவிட்டாள்.

கப்பல்காரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவள் ஸ்பெயின் தேசத்து மரம். எங்கோ போகவேண்டிய கப்பல் ஒன்று புயலில் அடிபட்டு இந்தக் கரையில் உடைந்தபோது, பெட்டியோடு மிதந்து வந்தவள். அந்த ஊர்க்காரர்கள் உடுத்திப் பார்ப்பதற்கென்றே செய்த சுரூபம் என்பதால் முகமும் கையும்தான் செதுக்கியிருந்தார்கள். தோளிலும் முழங்கையிலும் மடக்குகிற மாதிரி மர ஆணி வைத்து, தலைக்கு நிஜ முடி ஒட்டி, இடுப்புக்குக் கீழே காலே இல்லாமல் நாலு சட்டத்தை மட்டும் அடித்துவிட்டிருந்தார்கள். இறங்கி ஏறியபோது அந்தக் கால் இல்லாத குறையை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவளை உடுத்திவிடும் உரிமை ஊரில் பன்னிரண்டு வீட்டாருக்கு, வீட்டுக்கு ஒரு மாதம் என்று இருந்தது. உரிமை என்றால், அந்த மாதம் முழுக்க அந்த வீட்டார் விடியற்காலையில் சீப்புப் பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்து, திரைக்கு வெளியே கைகூப்பி நிற்பார்கள். உள்ளே போய் தண்ணீர் தொட்டு, சிக்கெடுத்து, ஊசி குத்தி, மடிப்பு எடுப்பதெல்லாம் ஜெசிந்தா. அவளுக்கு முன்னால் அவள் அம்மா. திருவிழாத் தேருக்குப் பின்னால் முதல் வரிசையில் நடப்பது மட்டும் பன்னிரண்டு வீட்டார். கல்யாணப் பந்தியில் யார் எங்கே உட்காருவது, துஷ்டி வீட்டில் யார் முதலில் மாலை போடுவது எல்லாம் அந்த வரிசையை வைத்துத்தான் நடந்தது. ஜெசிந்தா அந்த வரிசைக்குப் பின்னால் எட்டாவதோ பத்தாவதோ வரிசையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வருவாள்.

இந்த ஜெசிந்தாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒரு ஆசை வந்தது. ஸ்பெயினில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பாஷை தெரிந்தால் போதும் என்று சிஸ்டர் லீமா வந்து சொன்னாள். அவளும் இந்த ஊர்ப் பிள்ளைதான், அந்த தேசத்தில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்து, மறைக்கல்வி மண்டபத்தில் நாலு பெண்களுக்கு மாலை நேரம் வகுப்பு எடுத்தாள். நாலு பேரில் வயதில் மூத்தவள் ஜெசிந்தா. அவள் அந்தப் பாஷையில் எல்லாவற்றையும் கப்பென்று பிடித்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றில்தான் தடுக்கியது.

"காலைல எந்திச்சு என்னெல்லாம் செய்வீங்கன்னு சொல்லுங்கக்கா, பாப்போம்" என்றாள் லீமா ஒருநாள்.

ஜெசிந்தா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: மாமனாரை எழுப்புகிறேன், மாதாவுக்கு முகம் கழுவுகிறேன், மாதாவுக்குத் தலை சீவுகிறேன், மகனுக்குச் சட்டை தேய்க்கிறேன், புருஷனுக்குக் கஞ்சி ஊற்றுகிறேன்.

"எல்லாம் சரிதான். இதுல நீங்க எங்கக்கா இருக்கீங்க?"

"நாந்தான செய்யுதேன்."

"அதில்லக்கா. நீங்க முகம் கழுவ மாட்டீங்களா? தல சீவ மாட்டீங்களா? நாம சீவிக்கிட்டேன், கட்டிக்கிட்டேன்னு சொல்லுதோம்லா. அவங்க அதுக்கு முன்னால ஒரு 'மே' போடுவாங்க. மே லாவோ, என்னைக் கழுவிக்கிறேன். மே பெய்னோ, தலைவாரிக்கிறேன். அந்த 'மே'ய விட்டுட்டா, யாருக்கு வாரி விட்டன்னு கேப்பாங்க."

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு நடந்துபோகும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள், அன்று காலையில் தான் எப்போது தலைவாரினோம் என்று ஞாபகம் வரவில்லை. மண்டையைத் தடவிப் பார்த்தாள். கொண்டை இருந்தது, எப்போது போட்டது என்பதுதான் தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. வீட்டில் வாய்விட்டுப் படித்தால் மாமனார் "யாரத் திட்டுத?" என்று கேட்பார். நிம்மதியாகப் படிக்கக் கிடைத்தது விடிகாலை அரைமணி நேரம்தான், திரைக்கு உள்ளே, மாதாவும் தானும் தனியாக இருக்கும்போது. ஆகவே தவக்காலம் நாற்பது நாளும், கை மாதாவுக்குத் தலைவார, வாய் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தது: மே லெவாந்தோ, எழுந்திருக்கிறேன், மே லாவோ, கழுவிக்கொள்கிறேன், மே பெய்னோ, வாரிக்கொள்கிறேன், மே விஸ்தோ, உடுத்திக்கொள்கிறேன். நாற்பது நாள் கேட்டுக்கொண்டிருந்த கப்பல்காரி, நாற்பது நாளும் முடிந்து, உயிர்த்த ஞாயிறும் கழிந்து, திங்கட்கிழமை காலையில் எழுந்துவிட்டாள்.

காரணத்தை ஊர் அதிகமாகத் தேடவில்லை. காற்று ஏன் வீசுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாய் விரிக்க முடியாது என்று நினைக்கிற ஊர் அது. அடுத்து ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு பெண் எப்படித் தலைவாருவாள் என்று முதலில் கேட்டது கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சூசை. கைக்கண்ணாடி கொடுத்தால் மரியாதைக் குறைச்சல், பீரோக் கண்ணாடி கொண்டுவந்தால் பீடம் அடைபடும் என்று இரண்டு நாள் வழக்கு நடந்து, கடைசியில் சலூன் கடை அந்தோணியின் சுவர்க்கண்ணாடியை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புதுக் கண்ணாடி வரும்வரை அந்தோணி குத்துமதிப்பாக முடிவெட்டினான், அந்த வாரம் குருசுத்துறை ஆண்கள் ஒருபக்கக் கிருதாவோடு கடலுக்குப் போனார்கள். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வெளியூர்ச் சந்தையில் யாராவது சிரித்தால், "எங்க கண்ணாடி மாதாட்ட இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள்.

கோயில் பங்குச்சாமி ஹென்றி, ஆயருக்கு எழுதவில்லை. எழுதினால் விசாரிக்க ஆறுபேர் குழு வரும், குழுவுக்கு யார் வீட்டில் சாப்பாடு என்று ஊர் இரண்டாக உடையும் என்று அவருக்குத் தெரியும். "அவங்க கோயில்ல அவங்க தல சீவுறாங்க, இதுல ஆயருக்கு என்ன வேல?" என்று சொல்லிவிட்டு, காலைப் பூசையைக் கால்மணி நேரம் தள்ளி வைத்தார். அவசரமாக உடுத்த வைக்கக் கூடாது என்பதற்காக.

வீடுகளில்தான் விஷயம் வேறுமாதிரி போனது. கடலிலிருந்து வந்து கையை நீட்டிக்கொண்டு தண்ணீருக்கு உட்கார்ந்திருந்த புருஷன்மார்களிடம், "கப்பல்காரியே அவ வேலய அவ பாத்துக்கிடுதா, ஒமக்கு என்ன வே கேடு?" என்று பெண்டாட்டிமார் கேட்க ஆரம்பித்தார்கள். மாதாவை இழுத்த பிறகு எழுந்து போவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. ஆனிமாதம் முடிவதற்குள் குருசுத்துறையில் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவாத ஆண்பிள்ளை இல்லை என்று ஆயிற்று. ஜெசிந்தாவின் மாமனார், கால் கை நன்றாக இருந்தும் பதினோரு வருஷமாகக் கட்டிலில் இருந்தபடியே தலைவாரப்பட்டுவந்தவர், ஒருநாள் காலையில் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு, "அந்தச் சீப்ப இங்க குடு" என்றார். கோணல் வகிடு எடுத்துக்கொண்டு தெருவில் போய் நாலு பேருக்குக் காட்டிவிட்டும் வந்தார்.

ஊருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பக்கத்து ஊரான கீழத்துறைக்காரர்கள், தங்கள் ஊர் மாதா எந்தக் காலத்திலோ கண்ணீர் வடித்ததை முப்பது வருஷமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தவர்கள். மீன் ஏலத்தில் அந்தப் பேச்சு மறுபடி வந்தபோது சூசை மெதுவாகச் சொன்னான்: "எங்க மாதாவும் அழுவா. அழுதா அவளே தொடச்சிக்கிடுவா."

பன்னிரண்டு வீட்டாருக்குத்தான் இந்தப் பெருமை தொண்டைக்குள் இறங்கவில்லை. திரைக்கு வெளியே தாம்பாளத்தோடு நின்றால், உள்ளேயிருந்து கப்பல்காரியே திரையைத் தள்ளிக்கொண்டு, எல்லாம் முடித்து, பளிச்சென்று நின்றாள். பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. உடுத்திவிடுவது இல்லை என்றால் முறை எதற்கு, முறை இல்லை என்றால் தேருக்குப் பின்னால் முதல் வரிசை எதற்கு என்று எவனாவது ஒருநாள் கேட்பான். கேட்பதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தவள் பெர்னதீத் மிராந்தா. பன்னிரண்டு வீட்டில் முதல் வீட்டுக்காரி, ஊர்க்கமிட்டித் தலைவர் ஆல்பர்ட்டின் மனைவி, நடந்து வந்தாலே வழிவிடத் தோன்றுகிற உடம்பு.

ஆடி மாதம் கமிட்டி கூடியது. ஜெசிந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதற்கு ஒரு வசதியும் இருந்தது, ஸ்பெயின் இல்லத்துக்குப் பாஷைத் தேர்வு முடித்து அவள் தேறியிருந்தாள், இனி பங்கிலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் மட்டும்தான் பாக்கி, செப்டம்பர் கடைசிக்குள் அது போய்ச் சேரவேண்டும். எழுதுவது சாமி. முத்திரை கமிட்டித் தலைவர் கையில். முத்திரை இல்லாத கடிதம் வெறும் காகிதம்.

"ஒம் பாடத்தக் கேட்டுத்தான் மாதா இப்படி ஆயிட்டாவ. நீயே மறக்கப் பண்ணு. திருநாளைக்குப் பழையபடி ஒங் கையால உடுத்திவிடு. மறுநாளே கடிதம்" என்றார் ஆல்பர்ட்டு.

"நான் யாருக்கும் படிச்சுக் குடுக்கல மாமா. எம் பாடத்த நான் படிச்சேன். அவியளுக்குக் காது இருந்துச்சு, கேட்டாவ."

"கடிதம் வேணும்லா ஒனக்கு?"

"வேணும்."

"அப்ப?"

"வேணும்னுதான் சொன்னேன். அதுக்காவ ஒருத்தர் தானாப் போட்டுக்கிட்ட முடிச்ச நான் போயி அவுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். அந்தக் கடிதத்தின் மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்தாள். அவள் புருஷன் வியாகுலம் தன் தட்டைக் கழுவிக்கொண்டே, "பேசாம உடுத்திவிட்டுட்டுப் போயேன்" என்றான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "முடியாது" என்றாள்.

பெர்னதீத் வேறு வழி வைத்திருந்தாள். தேரன்று கப்பல்காரி புது அங்கிதான் போடவேண்டும், கப்பல் உடைந்த வருஷத்திலிருந்து மாறாத வழக்கம் அது. பழைய அங்கிகளுக்கெல்லாம் முன்பக்கம் நாடா. அதனால்தானே அவளே முடிந்துகொள்கிறாள்? இந்த வருஷ அங்கியை வெள்ளிச்சரிகையில், யாரும் பார்த்திராத அழகில் தைத்து, முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை இருபத்துநாலு கொக்கி வைக்கச் சொன்னாள். வீட்டுக்கு இரண்டு கொக்கி. அன்றைக்குப் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் வரிசையாக உள்ளே போய் ஆளுக்கு இரண்டு மாட்டிவிட்டு வரவேண்டியது. மாதாவுக்கு ஒத்தாசை என்றால் ஒத்தாசை, உரிமை என்றால் உரிமை. பெர்னதீத் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்தாள் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்குக் கப்பல்காரியின் மேல் உயிர். தாய்க்கு ஒன்றுமே செய்யக் கொடுத்துவைக்காத பிள்ளையாகப் போய்விடுவோமோ என்ற பயம்தான் பாதி.

திருநாளும் வந்தது. கடற்கரை முழுக்கத் தலை. கீழத்துறை மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. தேர் பத்து மணிக்கு. வடம் மணலில் நீட்டிப் போட்டாயிற்று, பேண்டுக்காரர்கள் பித்தளையைத் துடைத்தாயிற்று. ஒன்பது மணிக்கு ஜெசிந்தா புது அங்கியை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனாள். கப்பல்காரி முகம் கழுவி, தலைவாரி, வெள்ளை உள்ளங்கியோடு கண்ணாடி முன்னால் நின்றாள். அங்கியை வாங்கிப் பார்த்தாள், சரிகையைத் தடவினாள், கைகளை நுழைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குக் கொண்டுபோனாள். தோளில் இருந்த மர ஆணி 'டக்'கென்று நின்றது. அந்தப் பக்கம் மடங்குவதற்கு அவளைச் செய்தவன் வழி வைக்கவில்லை. மறுபடி முயன்றாள், மறுபடி 'டக்'. மூன்றாவது தரமும்.

ஜெசிந்தாவுக்குக் கை பரபரத்தது. இருபத்துநாலு கொக்கியும் அவளுக்கு இரண்டு நிமிஷ வேலை. பின்னால் போய் நின்று மாட்டிவிட்டால் தேரும் நேரத்துக்குப் போகும், முத்திரையும் விழும், எல்லாரும் சந்தோஷமாகச் சோறு சாப்பிடலாம். இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு, "நான் போடட்டுமாம்மா?" என்று கேட்டாள். கப்பல்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லாத முகம். மெதுவாக அங்கியைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து, ஜெசிந்தா கையிலேயே கொடுத்துவிட்டு, பீடத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெசிந்தா வெளியே வந்தாள். "கொக்கி பின்னால இருக்கு. அவியளுக்கு எட்டல. வர மாட்டாவ" என்றாள்.

பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. பேண்டுக்காரர்கள் ஒரே பாட்டை நாலுதரம் வாசித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கீழத்துறைக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். கோயிலுக்குள் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ஜெசிந்தாவைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஏட்டி ஜெசிந்தா, ஒனக்குத்தான அவ பாஷ தெரியும்? நாங்க மாட்டி விடுதோம்னு அவ பாஷையில சொல்லுட்டி" என்றாள் பெர்னதீத். குரலில் அதிகாரம் போய்க் கெஞ்சல் வந்திருந்தது.

"அவியளுக்குத் தமிழ் தெரியாதா மாமி? முந்நூறு வருசமா நம்ம செபத்தக் கேட்டுக்கிட்டுதான நிக்காவ? தா, காப்பாத்து, மன்னிச்சிரு, எம் புள்ளயப் பாத்துக்கோ, இதத்தான நாம எல்லாரும் சொல்லியிருக்கோம்? 'நான் இன்னைக்கித் தலவாரிக்கிட்டேம்மா'ன்னு நம்மள்ல ஒருத்தியாவது அவிய முன்னால நின்னு சொல்லியிருக்கமா? நான் பாடம் படிச்சது தவறிப்போயிச் சொன்னது. அத அவிய நாப்பது நாளும் கேட்டிருக்காவ. பாஷையில ஒண்ணுமில்ல மாமி."

பெர்னதீத் போய்த் திரையை இரண்டு விரற்கடை விலக்கிப் பார்த்தாள். கப்பல்காரி கையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பெர்னதீத் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஊரில் இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றை, அந்தப் பன்னிரண்டு வீட்டுப் பெண்களுக்கும் நடுவில் நின்று அவள் சொன்னாள்.

"எனக்கும் எட்டாது."

யாருக்கும் விளங்கவில்லை.

"ரெண்டு வருசமா இந்தத் தோள் பின்னால போவமாட்டங்கு. காலைல மருமவதான் வந்து ரவிக்கக் கொக்கிய மாட்டி விடுதா. ஒவ்வொரு நாளும் அவ முன்னால முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும்போது எனக்குப் பிராணம் போயிட்டு வரும். அவ நல்ல புள்ள. ஒண்ணும் சொல்ல மாட்டா. இருந்தாலும்..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் போயி மாதாவுக்கு அதயே தச்சு வச்சிருக்கேன் பாரு, மடச்சி."

பிறகு அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கோயில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பிளேடு கொண்டாங்கட்டி. ஊசி நூலு கொண்டாங்க" என்றாள். ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அங்கியை விரித்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

வெள்ளிச்சரிகையை முதுகில் மூடி முன்னால் திறக்க, கழுத்துப்பட்டியைத் திருப்ப, ஓரம் மடிக்க, இருபத்துநாலு கொக்கியையும் பிடுங்கி முன்பக்கம் வரிசையாகத் தைக்க மத்தியானம் ஆயிற்று, மத்தியானம் கழிந்தும் ஆயிற்று. வீட்டுக்கு இரண்டு கொக்கி என்ற கணக்கை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரவர் கொக்கியை அவரவர் வீட்டுப் பெண்தான் தைத்தாள். பாரம்பரியமாக ஊசியே பிடித்திராத கைகளில் குத்துப்பட்டு ரத்தம் வந்தது. "நாலாவது கொக்கி கோணலா இருக்கு" என்று யாராவது சொன்னால், "எங் கொக்கி, எனக்குத் தெரியும்" என்று சண்டைக்கு வந்தார்கள். வெளியே ஊர் பசியோடு நின்றது. உள்ளே என்ன நடக்கிறது என்று சூசை வந்து வந்து அறிவித்தான்: பதினாலு ஆச்சு, பதினேழு ஆச்சு. ஒவ்வொன்றுக்கும் கடற்கரையில் கைதட்டல் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த கீழத்துறைக்காரர்களும் இருபதுக்கு மேல் தங்களை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். மணி மூன்றரைக்குப் பெர்னதீத் கடைசிக் கொக்கியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஜெசிந்தா அங்கியைக் கொண்டுபோய்த் திரைக்குள் நீட்டினாள்.

வெளியே நின்ற அத்தனை பெண்களுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு கொக்கியும் மாட்டும் சின்ன ஓசை, கீழிருந்து மேலாக, அவசரமில்லாமல். அவரவர் கொக்கி வந்தபோது அவரவர் மூச்சைப் பிடித்தார்கள். இருபத்துநாலாவது முடிந்ததும் திரை விலகியது.

அவ்வளவு அழகாக அவளை ஒருவரும் பார்த்ததில்லை. கழுத்திலிருந்து அங்கியின் கீழோரம்வரை இருபத்துநாலு கொக்கியும் நேருக்கு நேராக மின்ன, தேர்ப்படியைத் தானே ஏறி, தன் இடத்தில் தானே நின்று, வடத்தை இழுக்கலாம் என்பதுபோல் ஊரைப் பார்த்தாள். இழுப்பதை மட்டும் ஊருக்கு விட்டுவைத்தாள். ஊர் இழுத்த இழுப்பில் மணல் பறந்தது. தேருக்குப் பின்னால் முதல் வரிசையில் பன்னிரண்டு வீட்டார் நடந்தார்கள். நடுவில் ஜெசிந்தா நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் இடம் ஒதுக்கவுமில்லை. அவளே போய் நின்றாள், நின்ற பிறகு அது அவள் இடமாக இருந்தது.

மறுநாள் காலை பங்கு ஆபீஸில் உட்கார இடமில்லை. சாமி கடிதத்தை எழுத உட்கார்ந்திருந்தார், ஆல்பர்ட்டு முத்திரையோடு வந்திருந்தார், வாசலிலும் ஜன்னலிலும் ஊர் நின்றது. பெயர், வயது, ஞானஸ்நானம் பெற்ற நாள் எல்லாம் எழுதியாயிற்று. "எதுக்காகப் போறாங்கன்னு ஒரு வரி கேட்டிருக்கான்" என்றார் சாமி.

ஊர் போட்டிபோட்டுக்கொண்டு உதவிக்கு வந்தது. மகன் படிப்புக்காக என்று ஒரு குரல். மாமனார் வைத்தியத்துக்காக என்றது இன்னொன்று, கோணல் வகிட்டோடு வந்திருந்த மாமனார், "எனக்கு என்னலே வைத்தியம்?" என்று பாய்ந்தார். குடும்பத்துக்காக என்று போடுங்க சாமி, அதுதான் அழகு என்றார் ஆல்பர்ட்டு. முப்பது வருஷமாக எழுதிய எல்லாக் கடிதத்திலும் அதைத்தான் எழுதியிருந்தார் சாமி. பேனாவை வைத்துவிட்டார்.

"அதெல்லாம் இல்ல சாமி. எனக்குப் போவணும்" என்றாள் ஜெசிந்தா.

"சரிம்மா. எதுக்கு?"

"எனக்குத்தான். அந்த ஊரப் பாக்கணும். அந்தப் பாஷையில நாலு பேருட்ட பேசணும். எம் புருசனுக்குத் தட்டு கழுவத் தெரியும், எம் மவனுக்குச் சட்ட தேய்க்கத் தெரியும். நான் போவணும்னு நான் ஆசப்பட்டேன். அதயே எழுதுங்க."

சாமி அவளைப் பார்த்தார். கன்னத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு குனிந்து நிதானமாக எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "இவர் தாமே விரும்பி, தமக்காகவே வருகிறார்."

ஆல்பர்ட்டுக்கு மனசு கேட்கவில்லை. "அதுக்கில்லட்டி, அங்க போயும் கெழவியளுக்குத் தலவாரி விடத்தான போற?"

"வாரி விடுவேன் மாமா. மொதல்ல எனக்கு வாரிக்கிட்டு."

வாசலில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லாப் பெண்களும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள். பெர்னதீத் மிராந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கமிட்டிக்கு வெளியே ஒரு ஆளும் இதுவரை தொட்டிராத அந்த முத்திரையைப் புருஷன் கையிலிருந்து வாங்கினாள். மைப்பெட்டியில் அழுத்தி எடுத்து, ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

"நீயே வையுட்டி" என்றாள்.

ஜெசிந்தா எழுந்து, தன் பெயருக்குப் பக்கத்தில், தானே வைத்தாள்.